கம்பா பிடித்தவளுக்குக் கறிக்கு மீன்

புள்ளியியல் வகுப்பில் ஆசிரியர் பலகையில் ஒரு வளைகோடு வரைந்தார். நடுவில் மேடாக எழும்பி இரண்டு பக்கமும் மெலிந்து இறங்கும் கோடு. எதை அளந்தாலும் பெரும்பாலானவை நடுவில்தான் குவியும், ஓரத்துக்குப் போகப் போகக் குறையும் என்று விளக்கினார். ஜெமிக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அது ஆப்பம். பக்கவாட்டில் இருந்து பார்த்த ஆப்பம். நடுவில் தடியாக, மெத்தென்று, ஓரத்தில் மொறுமொறுவென்று. தொட்டுக்கொள்ள முட்டைக்கறியா, தேங்காய்ப்பால் விட்ட உருளைக்கிழங்கா என்று அவள் யோசிக்கத் தொடங்கினாள். வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்கவில்லை.

வெளிநாட்டில் படிக்கிற பிள்ளை என்றால் ஊரில் எல்லோருக்கும் கோட்டும் பனியும் கண்ணாடிக் கட்டடமும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பிள்ளைக்கு ஒரு வயிறு இருக்கிறது என்பது எவருக்கும் தோன்றுவதில்லை. ஜெமியின் வயிறு குளச்சலை ஒட்டிய வாணியக்குடியில் வளர்ந்த வயிறு. மற்ற ஊர்க்காரர்கள் மத்தி என்கிற சாளையில் கறியும், மரவள்ளி என்கிற மரச்சீனிக் கிழங்கும் கொடுத்தால் அது பாட்டுக்கு அடங்கிக் கிடக்கும். இரண்டாயிரத்துப் பதிமூன்றில் அவளுக்கு உதவித்தொகையோடு போர்ச்சுகலில் கடற்கரை மேலாண்மை படிக்க இடம் கிடைத்தபோது, அம்மா ஜெபமணி கொஞ்சமும் கவலைப்படவில்லை. அங்க உள்ளவங்களும் நம்ம வேதக்காரங்க, மீன் திங்கிற ஆளுக, பிறகென்ன என்று சொல்லி, மிளகாய்ப்பொடியை மட்டும் மூன்று கவருக்குள் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். ஊரே அப்படித்தான் நினைத்தது. நம் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்களின் தேசத்தில் நம் பிள்ளைக்கு ஒரு வாய் மீன்கறி கிடைக்காமலா போய்விடும்?

கிடைக்கத்தான் செய்தது. பக்கல்யாவ் என்று அவர்கள் கொண்டாடும் மீனைக் கல்லூரி உணவகத்தில் முதல் வாரமே தட்டில் வைத்தார்கள். அது கருவாடு. பலகை பலகையாக உப்புப் பிடித்த, பார்த்த மாத்திரத்தில் வாயூறுகிற, அற்புதமான கருவாடு. அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பையெல்லாம் விரட்டி, மிச்சமிருக்கும் சுவையையும் பால் ஏட்டில் முக்கிக் கொன்று, மேலே உருளைக்கிழங்கு தூவிக் கொண்டுவந்தார்கள். ஜெமிக்கு அழுகை வந்தது. கருவாட்டுக்காக அழுத முதல் முதுகலை மாணவி அவளாகத்தான் இருக்க வேண்டும். அதன் பிறகு பென்சில் டப்பாவில் பென்சிலை எடுத்துவிட்டு மிளகாய்ப்பொடி கொண்டுபோனாள்.

பிரேசில்காரர் ஒருவரின் கடையில் தோல் சீவி உறையவைத்த மரச்சீனிக் கிழங்கு கிடைப்பதைக் கண்டுபிடித்த அன்று அவள் கடைக்குள்ளேயே ஒரு குதி குதித்தாள். கிழங்கு கிடைத்துவிட்டது. சாளை? அதுவும் கடைகளில் இருந்தது, பனிக்கட்டி மேல் மல்லாந்து, கண் சிவந்து. கரையில் துள்ளுகிற மீனைக் கறியாக்கிப் பழகின வீட்டுப் பிள்ளை, என்றைக்கோ செத்த சாளைக்குக் காசு கொடுப்பதா? வீம்புதான். வயிறு காய்ந்தாலும் வீம்பு காயாத ஊர் அது. கிழங்கை அவித்து மிளகாயும் உள்ளியும் நசுக்கி வைத்துத் தின்றுகொண்டு, சாளை இல்லையே என்று தினமும் ஏங்கினாள்.

வயிற்றுப்பாடு இப்படி என்றால் வகுப்புப்பாடு அதற்கு மேல். கள ஆய்வு என்றொரு பாடம். நடத்தியவர் டுவார்ட்டே என்ற பேராசிரியர். நல்ல மனிதர், ஆனால் களைத்துப்போனால் ஆங்கிலம் கைநழுவிப் போர்த்துகீசில் இறங்கிவிடுவார். அந்தப் பாடத்தில் வகுப்பில் வாய்திறந்து பேசுவதற்கு மதிப்பெண் உண்டு. பேசினால் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவளைக் கூப்பிட்டு, பேசாததற்கு மார்க் குறைத்தால் அவள் என்னதான் செய்வாள்? ஜெமிக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் மனசுக்குள் வாக்கியத்தை நேராக்கி முடிப்பதற்குள் மற்றவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவளோ வாயைத் திறந்து, அதைக் கொட்டாவியாக மாற்றி மூடிக்கொள்வாள்.

குழு வேலை வேறு. அவள் குழுவில் இரண்டு பேர். ஒருத்தி இனெஸ், உள்ளூர்ப் பெண், சிரித்துக்கொண்டே இருப்பவள். மற்றவன் டென்மார்க்கில் இருந்து வந்த யோனாஸ். யோனாஸ் கெட்டவன் இல்லை. விதி என்று எங்காவது எழுதியிருப்பதைக் கண்டால் அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக் காப்பாற்றுவான், அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தை எப்போது கூட்டுவது என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் கூட்டுவான்.

ஏப்ரல் முடியும்போது பேராசிரியர் ஜெமியைத் தனியாகக் கூப்பிட்டார். பேச்சுக்கான மதிப்பெண் ஏறத்தாழ இல்லை, இனி கடற்கரை அறிக்கை ஒன்றுதான் அவளைக் கரையேற்றும் என்று வருத்தத்தோடு சொன்னார். அதில் தவறினால் பாடத்தை மறு வருடம் படிக்க வேண்டும். மறு வருடத்துக்கு உதவித்தொகை கிடையாது. அதாவது பெட்டியைக் கட்டிக்கொண்டு வாணியக்குடிக்குப் போக வேண்டியதுதான். அன்று இரவு ஜெமி கிழங்கு அவிக்கவில்லை. இங்கே வந்த பிறகு அவள் சாப்பாட்டை மறந்தது அதுதான் முதல் தடவை.

வேலை எளிதுதான். பக்கத்தில் ஒரு சிறு கடற்கரை; அங்கே சனிக்கிழமை காலையில் மீனவர்கள் மீன் பிடிப்பதைப் பார்த்து எழுத வேண்டும். விதிகளும் எளிது. விலகி நின்று பார்க்கலாம். எதிலும் கலந்துகொள்ளக் கூடாது. ஆய்வுக்கு உட்பட்டவர்களிடம் இருந்து அன்பளிப்பு வாங்கக் கூடாது. யோனாஸ் இதை அச்சடித்து மூன்று பேருக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தான்.

மே மாதத்துச் சனிக்கிழமை, நல்ல வெயில். மணல்மேட்டில் ஏறி நின்று பார்த்த ஜெமி வாய்விட்டே சொல்லிவிட்டாள். கரமடி! கடலில் படகால் வலையை அரைவட்டமாக விட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்கிறார்களே, வாணியக்குடியில் அவள் அப்பா சூசை இழுக்கிறாரே, அதே கரமடி. கயிற்றில் பாதியை ஒரு டிராக்டர் இழுத்தது என்பதும், இழுக்கிற ஆட்கள் வெள்ளைக்காரர்கள் என்பதும்தான் வித்தியாசம். அதே சத்தம், அதே அவசரம், ஒருவரையொருவர் அதே ஏச்சு. மொழி தெரியாவிட்டாலும் ஏச்சின் ராகம் தெரிந்தது.

வலையின் கைகள் கரைக்கு வந்ததும் டிராக்டர் நின்றது. மீன் சேர்ந்த பையாகிய மடியை இனி மனிதர்கள்தான் இழுக்க வேண்டும். தலையில் துணி கட்டிய ஒரு பருத்த பெண்மணி, அல்பெர்ட்டினா என்று எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள், இடுப்பில் கைவைத்து நின்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். ஜெமி தாளில் ஏதோ எழுதத் தொடங்கினாள். ஒரு வரி எழுதியிருப்பாள். அதற்குப் பிறகு நடந்ததற்கு அவள் பொறுப்பில்லை என்றே சொல்ல வேண்டும். கால்கள் மணலில் ஓடின. கைகள் கயிற்றைப் பிடித்தன. குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து அவள் இழுக்க ஆரம்பித்தாள். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். கால் ஊன்றியிருந்த விதத்தைப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மணல்மேட்டில் யோனாஸ் பிளாஸ்டிக் உறையை உயர்த்தி உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தான். அதை யார் பார்த்தது?

மடி கரையேறியது. உள்ளே சாளை. வெள்ளியாகத் துள்ளும், கண் தெளிந்த, ஏங்கி ஏங்கிக் கனவில் கண்ட சாளை. ஜெமி கோட்டுப் பையில் இருந்து ஒரு கவரை எடுத்து உதறி, வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு, இழுத்தவர்களின் வரிசையில் போய் நின்றாள்.

இதுதான் வாணியக்குடிப் பழக்கம். கம்பா என்று அங்கே சொல்லும் கரமடிக் கயிற்றில் கைவைத்தவர் யாரானாலும், பஸ்ஸுக்குப் போகிற வழியில் இறங்கிவந்து பிடித்த வாத்தியாரே ஆனாலும், மடி கரையேறியதும் கறிக்கு மீன் உண்டு. கேட்க வேண்டாம், நின்றால் போதும். அதைப் போர்ச்சுகல் கரையில் யாரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று ஜெமிக்குத் தோன்றவே இல்லை. அல்பெர்ட்டினா வரிசையில் வந்தாள், ஆளுக்கு இத்தனை என்று இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள், ஜெமியின் கவரிலும் போட்டாள், போய்விட்டாள்.

அன்று மத்தியானம் மாணவர் விடுதியின் சமையலறை கண்ட கோலத்தை என்னவென்று சொல்வது! ஜெமி தேங்காய்த்துருவலும் வத்தலும் மல்லியும் நல்லமிளகும் உள்ளியும் போட்டு இனெஸின் மிக்ஸியில் அரைத்தாள். புளி கரைத்து ஊற்றினாள். கறி கொதித்த வாசனைக்கு மாடியில் இருந்தெல்லாம் தலைகள் எட்டிப் பார்த்தன. கிழங்கைப் பிட்டு, கறியில் முக்கி, வாயில் போட்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் இடமும் வலமும் ஆடினாள். பைத்தியம் பிடித்தவள் போலச் சிரித்தாள். இனெஸ் மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிய வழிய இரண்டாம் தடவை வாங்கித் தின்றாள். யோனாஸ் தின்னவில்லை. அறைக்குப் போய்ப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினான்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் விவாதம் வந்தது. பேராசிரியர் கோபப்படவில்லை. நடந்ததை நடந்தபடி கேட்டார். ஜெமி வாங்கியது கூலி என்றால், அவள் அந்த வேலையில் பங்கெடுத்தாள் என்று பொருள்; அப்படியும் ஓர் ஆய்வுமுறை உண்டு, அறிக்கையை அப்படி எழுதலாம் என்றார். அன்பளிப்பு என்றால் அறிக்கை செல்லாது. யோனாஸ் எழுந்தான். அந்த அம்மாள் இரக்கப்பட்டுக் கொடுத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது என்றான். ஒரு வெளிநாட்டுப் பெண் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றால் யார்தான் போடாமல் இருப்பார்கள்?

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஜெமிக்குத் தலையில் தண்ணீர் கொட்டியது போல ஆனது. பையை விரித்துப் பிடித்து. ஆமாம், அப்படித்தான் நின்றாள். வெளியில் இருந்து பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? பிச்சையாகத்தான் தெரியும். ஒருவேளை அல்பெர்ட்டினாவுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்குமோ? விடை சொல்ல ஒரு வாரம் தருகிறேன், ஆதாரத்தோடு வா என்றார் பேராசிரியர்.

அன்றைக்கு வீட்டுக்குப் பேசியபோது சாதாரணமாகச் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்தாள். ஜெபமணிக்குக் கறியில் புளி போதுமானதாக இருந்ததா என்பதுதான் கவலை. சூசைதான் போனை வாங்கிக்கொண்டார்.

"பிச்சையா? எவம்மா அப்படிச் சொன்னான்?" என்றார்.

"கூடப் படிக்கவன்ப்பா. அவனுக்குத் தெரியாது."

"அவனுக்குத் தெரியாண்டாம். குடுத்தவளுக்குத் தெரியுமா?"

இதைக் கேட்டுவிட்டு அப்பா அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார். மார்க் போனால் போகட்டும் என்றுகூட அப்போது தோன்றியது. கரமடிக்காரன் மகள் திடமான கையும் காலும் வைத்துக்கொண்டு தர்ம மீன் வாங்கித் தின்றாள் என்றால், அப்பா கரையில் எந்த முகத்தோடு நிற்பார்?

சும்மா இனெஸைக் கூட்டிக்கொண்டு போய் அல்பெர்ட்டினாவிடமே கேட்டுவிடலாம். ஆனால் பரிசா கூலியா என்று முகத்துக்கு நேரே கேட்டால், நல்ல மனசுக்காரி எவளும் ஆறுதலாகத்தான் ஏதாவது சொல்வாள். அந்த ஆறுதலில் என்ன இருக்கிறது? இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல், புள்ளியியல் வகுப்பில் ஆப்பத்தைக்கூடக் கவனிக்காமல் யோசித்தபோதுதான் ஜெமிக்கு வழி புலப்பட்டது. கம்பா பிடிக்காமல் மீன் வாங்குகிறவர்களும் வாணியக்குடியில் உண்டு. கண் தெரியாதவர்கள், நடமாட முடியாதவர்கள். அவர்களுக்கு அள்ளிக் கொடுப்பார்கள், அது தர்மம். ஆனால் கம்பா பிடிக்கத் தெம்பிருந்தும் பிடிக்காமல் நின்றால் ஒரு சாளைத்தலைகூட விழாது. அப்படியானால் இந்தச் சனிக்கிழமை அவள் பிடிக்காமல் நிற்க வேண்டும். அல்பெர்ட்டினா இரக்கப்பட்டவள் என்றால் அன்றும் போடுவாள். போட்டால் யோனாஸ் சொன்னதே உண்மை, பெட்டி கட்ட வேண்டியதுதான்.

சனிக்கிழமை வேண்டுமென்றே தாமதமாகப் போனாள். இனெஸும் யோனாஸும் கூட வந்தார்கள். டிராக்டர் நின்று, ஆட்கள் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். அல்பெர்ட்டினா அவளைப் பார்த்துவிட்டுக் கையை வீசி ஏதோ கூப்பிட்டாள். ஜெமி அசையவில்லை. அசையாமல் நிற்பது அவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. உள்ளங்கை அரித்தது. குதிகால் தானாக மண்ணைத் தோண்டியது. கைகள் இரண்டையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு நின்றாள். கயிறு பிடித்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். போன வாரம் இடம் விட்ட மனிதர் உதட்டைப் பிதுக்கினார்.

மடி கரையேறியது. இன்றும் சாளை, போன வாரத்தைவிடப் பருத்த சாளை. வாயில் எச்சில் ஊற, ஜெமி கவரை எடுத்து விரித்துக்கொண்டு வரிசைக் கடைசியில் நின்றாள். போட்டுவிடாதே தாயே, போட்டுவிடாதே என்று முணுமுணுத்தாள். சாளை வேண்டாம் என்று வாணியக்குடிப் பிறவி ஒன்று வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான் இருக்கும். அல்பெர்ட்டினா ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டே வந்தாள். ஊன்றுகோலோடு ஓரமாக நின்ற ஒரு முதியவரைக் கண்டதும் வரிசையை விட்டு விலகிப் போய், அவர் கேட்காமலே வாளியில் இரண்டு கை அள்ளிப் போட்டாள். போச்சு என்று நினைத்தாள் ஜெமி. கொடுக்கிற கைதான் இவளுக்கு.

பிறகு திரும்பி வந்து ஜெமிக்கு முன்னால் நின்றாள். கவரைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். அள்ளின மீனைத் திரும்பக் கூடைக்குள்ளேயே போட்டாள். அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள்! கயிற்றைக் காட்டினாள், சூரியனைக் காட்டினாள், ஜெமியின் கைகளைப் பிடித்துத் தூக்கி ஊருக்கெல்லாம் காட்டினாள். கரை முழுக்கக் கேட்கிற ஏச்சு. ஜெமி இனெஸின் பக்கம் திரும்பினாள். சிரிப்பை அடக்க முடியாமல் இனெஸ் சொன்னாள்: "இவ்வளவு நல்ல கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாயா, வெயில் ஏறும்வரை தூங்கினவளுக்கு மீன் கிடையாது, வீட்டில் போய் உருளைக்கிழங்கு தின்னு, அடுத்த வாரம் நேரத்தோடு வா என்கிறாள்."

ஜெமி காலிக் கவரோடு அல்பெர்ட்டினாவைக் கட்டிப்பிடித்தாள். ஏச்சு பாதியில் நின்றது. பிறகு மணலில் இரண்டு சுற்றுச் சுற்றினாள், கவரைக் காற்றில் வீசினாள், என்னவென்று புரியாமல் நின்ற யோனாஸின் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள்.

அவனுக்குத் திங்கட்கிழமைதான் புரிந்தது. பேராசிரியர் ஆதாரம் கேட்டதும் ஜெமி எழுந்தாள். இந்தத் தடவை வாக்கியத்தை நேராக்கக் காத்திருக்கவில்லை. கோணல் மாணலாகவே பேசினாள். போன வாரம் இழுத்தேன், கிடைத்தது. இந்த வாரம் அதே பையை அதே மாதிரி விரித்து நின்றேன், கிடைக்கவில்லை, ஏச்சுதான் கிடைத்தது என்றாள். கயிற்றுக்கும் மீனுக்கும் உள்ள கணக்கைச் சொன்னாள், வாணியக்குடியைச் சொன்னாள், தர்ம மீனைச் சொன்னாள், யாரும் கேட்காத சாளைக்கறியைப் பற்றியும் சொன்னாள். வகுப்பு நேரம் முடிந்தது தெரியாமல் பேசினாள். யோனாஸ்தான் முதலில் கைதட்டினான். அறிக்கை செல்லும் என்று பேராசிரியர் போர்த்துகீசில் சொன்னார். அதை எவரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வகுப்பு வாசலில் நின்றபடியே அப்பாவைக் கூப்பிட்டாள். வாணியக்குடியில் அப்போது சாயங்காலம். ஆட்கள் கரையில் உட்கார்ந்து வலையில் கிழிசல் தைக்கிற நேரம். பாஸ் ஆகிவிடுவேன் என்று சொன்னாள். சூசை அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"சனியாழ்ச்ச போனியா? மீன் தந்தாளா?"

"தரல்லப்பா. கம்பா பிடிக்காம நின்னேன். மடிய ஏத்தினதும் கவர நீட்டினேன். எல்லாருக்கும் போட்டா, எனக்கு மட்டும் போடல்ல. கரையில வச்சு ஏசி விட்டா."

சூசை போனைக் காதில் இருந்து எடுத்துவிட்டுக் கரையைப் பார்த்துக் கத்தியது, போர்ச்சுகல் வரைக்கும் கேட்டது.

"லேய், கேட்டியளா! கம்பா பிடிக்காம நின்ன எனக்க மவளுக்கு அங்க மீன் இல்லேன்னுட்டாவளாம்!"

கரையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஊசியைப் போட்டுவிட்டுக் கைதட்டிச் சிரித்தார்கள்.